ஆறாம் வகுப்புக்கு யார் வருவார்கள்?

ஜூலை கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே பேச்சுதான். எத்தனை பிள்ளைகள்? ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கிற எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். ஆசிரியர் பணியாளர் நிர்ணயம் என்று அதற்குப் பெயர். ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு அது. ஒரு பிள்ளை கூடுதலாக இருந்தால் மூன்றாவது டீச்சர் இருப்பார். ஒரு குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டால் அவர் 'உபரி'. எங்கள் பள்ளியை நடத்துகிற கத்தோலிக்க மறைமாவட்டத்தின் வேறு பள்ளிக்குப் பணி நிரவலில் போக வேண்டியதுதான்.

இந்த வருடம் தொடக்க வகுப்புகளில் 63 பேர். மூச்சு விட்டோம். ஆனால் ஆறு, ஏழு, எட்டு மூன்றும் சேர்த்து 21 பேர்தான். அந்த 21-ஐப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆர்.எஸ். மங்கலம் பக்கத்தில் ஒரு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஆர்.சி. நடுநிலைப் பள்ளி என்றால் தெற்கத்திக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோயில், பக்கத்தில் சாமியார் பங்களா, அந்தாண்டை சிஸ்டர் மடம், நடுவில் ஒரு வேப்பமரம், ஓட்டுக் கட்டடம். பங்குச் சாமியார்தான் தாளாளர். தலைமை ஆசிரியர் ஒரு சிஸ்டர். அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் எங்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், சீருடை, சத்துணவு எல்லாம் அரசு கொடுக்கிறது. கட்டடத்தை மட்டும் நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பங்கு மிளகாய் விவசாயிகளின் பங்கு. விளைச்சல் நன்றாக இருந்த வருடம் ஓடு மாற்றுவார்கள், இல்லையென்றால் ஐப்பசி மழைக்கு ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்போம்.

தமிழ் வழி. கட்டணம் ஒரு பைசா கிடையாது. இது ஏன் முக்கியம் என்றால், கான்வென்ட் என்றதும் டவுனில் இருப்பவர்கள் மனதில் டையும் ஷூவும் டொனேஷனும்தான் வருகின்றன. அது வேறு பள்ளி. நாங்கள் இப்போது ஆங்கில வழி தொடங்கினால் அதற்கு மானியம் கிடையாது, பெற்றோரிடம்தான் பணம் வாங்க வேண்டும். எங்கள் ஊரில் யாரிடம் போய் வாங்குவது?

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என்னுடையவை. ஒரே அறைதான். நடுவில் இரண்டு பீரோவைத் தடுப்பாக வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் கணக்கு நடக்கும்போது அந்தப் பக்கம் தமிழ் வாசிப்பு நடக்கும். இதைக் கேட்டு 'ஐயோ பாவம்' என்பவர்கள் உண்டு. ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

போன மாதம் ஐந்தாம் வகுப்புக்கு எடைக் கணக்கு. எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே மிளகாய்க் களத்தில்தான் நடக்கிறார்கள். அதனால் புத்தகத்தில் இருந்த ஆப்பிள் கணக்கை விட்டுவிட்டு மிளகாய் மூட்டையைப் போட்டேன். மூட்டையோடு எடை 26 கிலோ 400 கிராம், காலிச் சாக்கு 600 கிராம், மிளகாய் எவ்வளவு? ஐந்தாம் வகுப்பு சிலேட்டில் கழித்துக்கொண்டிருந்தது. 400-இல் 600 போகாது, ஒரு கிலோவைக் கடன் வாங்க வேண்டும், அதில்தான் தடுமாறுவார்கள். பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி தலையை நீட்டினாள். "டீச்சர், யாவாரி சாக்குக்கு ஒரு கிலோல்ல கழிப்பாரு?" என்றாள்.

அன்று தமிழ் வாசிப்பு நடக்கவில்லை. பீரோக்களைத் தள்ளிவிட்டு இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தேன். சரியான எடை 25 கிலோ 800 கிராம், வியாபாரி கழித்த கணக்கில் 25 கிலோ 400 கிராம். ஒரு மூட்டைக்கு 400 கிராம் போகிறது. பத்து மூட்டைக்கு எவ்வளவு? நான்கு கிலோ. கிலோ என்ன விலை? ஆளுக்கு ஒரு விலை சொன்னார்கள், எல்லா விலைக்கும் போட்டுப் பார்த்தோம். சாயங்காலம் ஒரு அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "என்ன டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? மகன் என்னைய நிக்க வச்சுக் கேள்வி கேக்குறான்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சின்னப் பள்ளியில் இதெல்லாம் நடக்கும். எந்தப் பிள்ளையின் வீட்டில் எத்தனை மூட்டை, எந்த வீட்டில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, யார் ராத்திரி சாப்பிடாமல் படுத்தது, எல்லாம் எங்களுக்குத் தெரியும்.

மதம் பற்றிக் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், உறுதிமொழி, செய்தி, பிறகு ஒரு சின்னச் செபம். கால அட்டவணையில் வாரத்தில் சில பாடவேளை கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. அதே நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி. எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கிறிஸ்தவர் அல்லாதவர்கள். நன்னெறி வகுப்பை நான்தான் எடுக்கிறேன். பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடம் கொடுப்பதில் தொடங்கி, கண்மாயில் ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது என்பது வரை எல்லாம் அதில் உண்டு. மார்கழியில் குடில் கட்டும்போது வைக்கோல் கொண்டுவர, ஸ்டார் ஒட்ட முதலில் ஓடி வருவது இந்த நன்னெறிக் கூட்டம்தான்.

இந்த மண்ணில் பள்ளியும் கோயிலும் சேர்ந்தே வளர்ந்தன. எங்களுக்குப் பக்கத்து ஓரியூரில்தான் 1693-இல் போர்த்துக்கீசியக் குருவான அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) வெட்டிக் கொன்றார்கள். அங்குள்ள செம்மண்ணை இன்றும் மதம் பார்க்காமல் மக்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். இந்தப் பக்கத்து வருகைப் பதிவேடுகளில் வகுப்புக்கு ஒரு அருளானந்து இல்லாமல் இருந்ததே இல்லை. பெண்பிள்ளைகள் படிப்புக்கு என்று பார்த்தால், 1844-இல் புதுச்சேரியில் துபுய் அடிகளார் ஒரு கன்னியர் சபையையே அதற்காகத்தான் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. அதற்கப்புறம் எத்தனையோ சபைகள், எத்தனையோ கிராமங்களில், முதலில் உபதேசியார் (ஊரில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்) கூரைக் கொட்டகையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து, பிறகு ஓட்டுக் கட்டடம் வந்து, ஐந்தாம் வகுப்பு வரை வந்து, எட்டு வரை வந்து... எங்கள் பள்ளியும் அப்படித்தான் வளர்ந்தது.

எங்கள் அலுவலக அறையில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. அட்டை கழன்று, ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. தேர்வு விடுமுறையில் அவற்றைத் துடைத்து அடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். அதில் 'பள்ளியை விட்டு நீங்கிய காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பழைய ஏடுகளில் பெண்பிள்ளைகள் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தைப் படித்துப் பாருங்கள். 'வீட்டு வேலை'. 'தம்பியைப் பார்த்துக்கொள்ள'. 'பருவமடைந்ததால்'. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு, அதோடு முடிந்தது. ஏடு ஏடாகப் புரட்டி வந்தால் அந்தக் காரணங்கள் குறையும், பெண்கள் எட்டாம் வகுப்பு வரை வருவார்கள். பள்ளி ஊருக்குள்ளேயே, வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்ததால் வந்தது அது. எட்டு வரை படித்தவள் ஒன்பதாம் வகுப்புக்குப் பஸ் ஏறத் துணிந்தாள். ஐந்தோடு விட்டிருந்தால் வீட்டில் யாரும் பஸ் ஏற விட்டிருக்க மாட்டார்கள்.

இப்போதைய ஏட்டில் அந்தக் கட்டத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு நேரே வரிசையாக ஒரே காரணம்: 'பெற்றோர் விருப்பம்'.

அந்த விருப்பம் என்ன என்று எனக்குத் தெரியும். இந்த ஜூனில் டி.சி. வாங்க வந்த ஒரு தாய் எங்கள் பள்ளியிலேயே எட்டாவது வரை படித்தவள். கையெழுத்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "கோவிச்சுக்கிராதீங்க டீச்சர். உங்கள விட்டு அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா? ஏழரை வேணும்ல?" என்றாள்.

கோபம் எப்படி வரும்? அவள் சொன்னது நியாயம்தானே.

'ஏழரை' என்று எங்கள் ஊரில் சொல்வது 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை. 2020-இல் வந்த சட்டம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி இடம். அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று அதை விரித்தார்கள். படிப்புச் செலவையும் அரசே ஏற்கிறது. நல்ல சட்டம். மனதாரச் சொல்கிறேன். கூலிக்காரர் மகள் டாக்டர் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிற படத்தைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

அரசுப் பள்ளி என்பதில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. அதாவது எங்கள் ஊர்ப் பிள்ளை ஆறு, ஏழு, எட்டு எங்களிடம் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தாலும் ஒதுக்கீடு கிடையாது. நடுவில் இருக்கிற அந்த மூன்று வருடம் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது.

இதில் என்னால் தாங்க முடியாத ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கொடுத்ததில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஆனால் பள்ளியின் பெயரைப் பார்க்காமல் அந்தப் பிள்ளையின் வறுமையைப் பார்த்த சட்டம், எங்கள் பிள்ளையின் வறுமையை ஏன் பார்க்கவில்லை? ஓடு ஒழுகுகிற ஊர்ப் பள்ளியில் சத்துணவு முட்டைக்கு வரிசையில் நிற்கிற பிள்ளை இது. இதன் அப்பா மழை பொய்த்தால் கட்டட வேலைக்கு வெளியூர் போகிறவர்.

எங்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளில் பலர் தலித் வீட்டுப் பிள்ளைகள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான குடும்பத்துக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது, பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) என்றுதான் எழுத வேண்டும். தெரு அதே தெரு, கூலி அதே கூலி. அண்ணன் தம்பி இரண்டு பேரில் ஒருவர் கோயிலுக்கு வந்தவர், ஒருவர் வராதவர் என்றால் பிள்ளைகளுக்கு இரண்டு வேறு சான்றிதழ். அந்த வழி அங்கே அடைபட்டுக் கிடக்க, இந்த ஏழரையும் இங்கே அடைபட்டால் அந்தப் பிள்ளை எந்த வழியாகத்தான் போகும்?

அதனால் தாய்மார்கள் யோசித்துவிட்டார்கள். ஐந்து முடிந்ததும் டி.சி. டாக்டராகப் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு கதவை மூட எந்தத் தாய் சம்மதிப்பாள்? நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதையே செய்வேன். ஆனால் அந்தப் பிள்ளை இப்போது காலை ஏழே காலுக்கு டவுன் பஸ் ஏறுகிறது. பஸ் வராத நாள் பள்ளிக்கூடம் கிடையாது. ஆண்பிள்ளையை அனுப்புகிறார்கள். பெண்பிள்ளை என்றால் சில வீடுகளில் இன்னும் தயங்குகிறார்கள். பழைய ஏட்டின் காரணங்கள் மறுபடி வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அரசுப் பள்ளி எங்களுக்கு எதிரி இல்லை. எங்கள் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போவதே அங்கேதான். அங்குள்ள ஆசிரியர்கள் எங்கள் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் கேட்பது அவர்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கி எங்களுக்குத் தரச் சொல்லி அல்ல.

இது நடக்காத காரியமும் அல்ல. இதுபோல் இரண்டு விஷயம் ஏற்கெனவே சரியாகியிருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. அப்போது எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. ஒரே தெருவில் அக்கா மகள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போவாள், தங்கச்சி மகள் வெறும் வயிற்றோடு எங்களிடம் வருவாள். பத்தரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளைகளுக்காக சிஸ்டர் மடத்திலிருந்து பிஸ்கட் டப்பா வந்துகொண்டிருந்தது. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளன்று, ஊர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் அதை விரிவாக்கினார்கள். தொடங்கி வைத்ததே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில்தான். எங்கள் பள்ளியில் முதல் புதன்கிழமை பொங்கல் போட்ட அன்று ஒன்றாம் வகுப்புப் பையன் மூன்றாம் தடவை தட்டை நீட்டியதும், சமையல் அக்கா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் எனக்கு மறக்காது. (அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை பழக்க தோஷத்தில் வரிசைக்கு வந்து நிற்கும். அதையும் எட்டு வரை நீட்ட வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.)

அடுத்தது புதுமைப் பெண். கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய். 2022-இல் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2024-25 முதல் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு என்று ஆக்கினார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் தொடங்கும்போதே உதவிபெறும் பள்ளியையும் சேர்த்தார்கள். ஆக, எங்கள் பிள்ளையும் அதே ஏழைப் பிள்ளை என்று இரண்டு திட்டங்களில் ஒத்துக்கொண்டாகிவிட்டது. மூன்றாவதில் மட்டும் ஏன் நிற்கிறது?

நான் கேட்பது ரொம்பச் சின்னத் திருத்தம். கட்டணம் வாங்காத, தமிழ் வழி, உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையையும் 7.5-இல் சேருங்கள். பெரிய ஊர்களில் இருக்கிற வசதியான உதவிபெறும் மேல்நிலைப் பள்ளிகளைச் சேர்த்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இடம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. அதனால்தான் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிற பள்ளிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எங்கள் பிள்ளைகள் எப்படியும் ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்குத்தான் போயாக வேண்டும். இந்துப் பள்ளி, முஸ்லிம் பள்ளி, சி.எஸ்.ஐ. பள்ளி, எதுவாக இருந்தாலும் எட்டோடு நிற்கிற உதவிபெறும் பள்ளி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

சுதந்திர தினத்தன்று எங்கள் ஊராட்சியில் கிராம சபை. பெற்றோர்கள் சேர்ந்து இதை ஒரு தீர்மானமாக வைக்கப் போகிறார்கள். டி.சி. வாங்கிப் போன அந்தத் தாய்தான் முதல் கையெழுத்து. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வேப்பமரத்தடியில் மனுவை வாசித்தோம். பூசைக்கு வராதவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், பக்கத்து அய்யனார் கோயில் பூசாரி, "எழுத்துல பணிவு அதிகமா இருக்குத்தா. கேக்குறது நம்ம உரிமை, அப்படியே எழுது" என்றார். 'பணிவன்புடன் வேண்டுகிறோம்' என்று இருந்ததை 'கேட்டுக்கொள்கிறோம்' என்று மாற்றினோம். தீர்மானம் நிறைவேறினால் நகலைக் கல்வித் துறைக்கும் எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவோம்.

உங்கள் ஊரிலும் எட்டோடு நிற்கிற உதவிபெறும் பள்ளி ஒன்று இருந்தால் இந்த ஆகஸ்ட் 15-க்கே வையுங்கள். இந்த முறை முடியவில்லை என்றால் அக்டோபர் 2 கிராம சபை இருக்கிறது. மனுவின் மாதிரி வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.